தூரம், உணர்வு, சுழற்சி: கோல்ஃப் பந்தைப் பற்றிய புகார்களை அறிகுறி வாரியாகப் பிரித்தறியும் வழிமுறை

கிளப்புகள் எனப்படும் அடிகோல்களைப் பதினான்கு வரை பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வோர் அடியிலும் தவறாமல் பங்கெடுப்பது பந்து ஒன்றே. அப்படியிருந்தும் பந்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் டிரைவர் (மிக அதிகத் தூரம் அடிக்கும் கிளப்) தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். டிரைவரில்தான் பந்துக்குப் பந்து வேறுபாடு மிகக் குறைவு; கிரீனை, அதாவது குழி இருக்கும் குட்டைப்புல் தரையை, நெருங்க நெருங்கத்தான் அது விரிகிறது. ஆகவே ஒப்பீட்டைக் கிரீனில் தொடங்கி, முதல் அடி கிளம்பும் டீயை நோக்கிப் பின்னோக்கிச் செய்ய வேண்டும். கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேரே செல்லலாம். ஆனால் அதற்கு முன் சோதிக்கும் முறையை ஒருமுறை படித்துவிடுங்கள், ஏனெனில் தவறாகச் சோதித்துக் கிடைத்த முடிவைக் கொண்டு எந்தப் புகாரையும் தீர்க்க முடியாது.

சோதனைக்கு முன்

இரண்டு அல்லது அதிகம் போனால் மூன்று வகைப் பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் புதியவையாக மூன்று இருந்தால் போதும். பயிற்சித் திடலில் வாளியில் தரும் பந்துகளைக் கொண்டு ஒப்பிடாதீர்கள். அவை நீண்ட நாள் அடி தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை, சில திடல்களில் தூரம் குறைவாகப் போகும்படியே செய்யப்பட்டவை. ஒரு வகையில் பத்து அடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போவதும் சரியல்ல, ஏனெனில் பத்தாவது அடிக்குள் உடம்பு சூடேறி அடியே மாறியிருக்கும். முதல் வகை, இரண்டாம் வகை, மீண்டும் முதல் வகை என்று மாற்றி மாற்றி அடியுங்கள். கிளப்பின் முகத்தில் பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்பிரேயை மெல்லியதாக அடித்து வைத்தால் பந்து பட்ட இடம் தெளிவாகப் பதியும்; நடுவில் படாத அடியை எந்த வகைக்கும் கணக்கில் சேர்க்க வேண்டாம். தரையில் உருண்ட தூரத்தை விட்டுவிட்டு, காற்றில் கடந்த தூரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிரைவரில் முன்பு போன தூரம் போகவில்லை

முதலில் பிரிக்க வேண்டியது, பந்தின் வேகம் குறைந்ததா, அல்லது வேகம் அப்படியே இருந்தும் தூரம் குறைந்ததா என்பது. பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் காட்டும் லாஞ்ச் மானிட்டர் கையில் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பத்து அடிகளில் விடை கிடைத்துவிடும். பந்து வேகத்தில் மணிக்கு ஒரு மைல் என்பது காற்றில் ஏறத்தாழ இரண்டு கெஜத்துக்குச் சமம் என்று கணக்கிடலாம்.

வேகம் குறைந்திருந்தால், பந்தைச் சந்தேகிக்கும் முன் பவுடர் தடத்தைப் பாருங்கள். முகத்தின் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகிப் பட்ட அடி இழக்கும் தூரம், ஒரு நல்ல பந்திலிருந்து இன்னொரு நல்ல பந்துக்கு மாறுவதால் வரும் வேறுபாட்டைவிட அதிகம். இதற்கு விதிகளே காரணம். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் யு.எஸ்.ஜி.ஏ. அமைப்பும் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று வரையறுத்திருப்பதோடு, தொடக்க வேகத்துக்கும் மொத்தத் தூரத்துக்கும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மணிக்கு 120 மைல் வேகத்தில் இயந்திரம் அடிக்கும் சோதனையில் 317 கெஜம், அதன்மேல் 3 கெஜம் சலுகை என்பது 2004 முதல் நடைமுறையில் உள்ள தூர வரம்பு. முன்னணிப் பந்துகள் எல்லாமே இந்தக் கூரையை ஒட்டியே தயாரிக்கப்படுகின்றன. ஆகவே, பந்தை மாற்றினால் முப்பது கெஜம் கூடும் என்ற எதிர்பார்ப்பை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

தடம் நடுவிலேயே இருந்தும் வேகம் குறைகிறது என்றால் இனி பந்தின் பக்கம் திரும்பலாம். மிக மென்மையான பந்துகள் பொதுவாகச் சற்று மெதுவாகவே கிளம்புகின்றன. அடியின் வேகம் கூடக் கூட இந்த இழப்பு தெளிவாகத் தெரியும். "மெதுவாக அடிப்பவர் கடினமான பந்தை அமுக்க முடியாது, அதனால் மென்மையானதே அவருக்குத் தூரம் தரும்" என்ற அறிவுரையைப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். டிரைவரின் அடியில் எந்தப் பந்தும் அமுங்கத்தான் செய்கிறது. முகத்தோடு அது ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியின் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மென்மையான உட்கருவால் மெதுவாக அடிப்பவருக்கு நன்மை இருந்தால் அது சுழற்சி குறைவதால் வருவது; அமுக்குவதில் அதற்குப் பங்கில்லை.

அடுத்தது குளிர். ரப்பர் உட்கரு குளிர்ந்தால் துள்ளல் குறைகிறது, குளிர்ந்த காற்றோ அடர்த்தி மிகுந்து பந்தைத் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இழப்பு நன்றாகவே தெரியும். இரவு முழுவதும் காரின் பின்பெட்டியில் கிடந்த பந்தைச் சட்டைப் பையில் சற்று நேரம் வைத்திருப்பதால் அதன் உட்கருவரை சூடு ஏறாது. முந்தைய இரவே வீட்டுக்குள் வைத்திருப்பதுதான் வழி. ஆட்டத்தின் நடுவே செயற்கையாகச் சூடேற்றுவது விதிமீறல்.

குளத்திலிருந்து எடுத்த பந்தா என்றும் பாருங்கள். நெடுநாள் நீருக்குள் கிடந்த பந்துக்குள் ஈரம் மெல்ல இறங்கிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், அடித்தால் துள்ளாது. மறுபடி வண்ணம் பூசி விற்கப்படுபவற்றில் மேற்பரப்பிலுள்ள சிறு குழிவுகள் பூச்சால் தூர்ந்திருக்கவும் கூடும். குழிவுகள் பந்தை ஒட்டிய காற்றுப் படலத்தைக் கலக்கிவிடுவதால்தான் பின்னிழுப்பு குறைந்து பந்து நெடுந்தூரம் போகிறது; ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு ஆழமே உள்ள அவற்றில் ஒரு பூச்சுக்கனம் கூடினாலும் பறக்கும் விதம் மாறும்.

வேகம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்திருந்தால், கிளம்பும் கோணமோ சுழற்சியோ மாறியிருக்கிறது. அதற்கு அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: பந்து மேலே எழும்பி, நின்று, செங்குத்தாக விழுகிறது

சுழற்சி மிகுந்த அடியின் அடையாளம் இது. எதிர்காற்றில் இன்னும் மோசமாகும். டிரைவரில் நிமிடத்துக்கு 2,200 முதல் 3,000 சுற்று வரை என்பது பெரும்பாலோருக்கு ஏற்ற பகுதி. நான்காயிரத்தைத் தாண்டினால் பந்து முன்னே போவதற்குப் பதில் மேலே ஏறுகிறது. முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டாலும் சுழற்சி கூடும் என்பதால் மீண்டும் பவுடர் தடத்தையே முதலில் நம்புங்கள். தடம் நடுவிலோ சற்று மேலேயோ இருந்தும் இப்படி எழும்பினால், அதே தயாரிப்பாளரின் சுழற்சி குறைந்த வகைக்கு மாறிப் பார்க்கலாம். ஆனால் மேலுறை யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். டிரைவரில் சில நூறு சுற்றுகளைக் குறைப்பதற்காகக் கிரீனருகே ஆயிரக்கணக்கில் சுழற்சியை இழப்பது லாபமான பேரம் ஆகாது.

எதிர்காற்றில் இன்னும் பலமாக அடிப்பது சுழற்சியைக் கூட்டும். ஒரு கிளப் கூட்டி, அதாவது இன்னும் தூரம் போகும் அடுத்த கிளப்பை எடுத்து, நிதானமாக அடியுங்கள்.

அறிகுறி: வெட்ஜ் (கிரீனருகே பந்தை உயர்த்தி அடிக்கும் கிளப்) அடி கிரீனில் நிற்காமல் ஓடுகிறது

பந்தின் தேர்வு உண்மையில் தன் வேலையைக் காட்டுவது இங்கேதான். ஆகவே இதில் அவசரப்பட வேண்டாம்.

பந்து நிற்பதற்கு இறங்கும் கோணம், சுழற்சி, தரை ஆகிய மூன்றும் காரணம். தரை கல்லாக இறுகியிருந்தால் எந்தப் பந்தும் ஓடும். மற்றவர்களின் பந்தும் அதே இடத்தில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு உங்கள் பந்திடம் வாருங்கள்.

பந்தின் மேலுறை யூரித்தேனா, சர்லின் போன்ற அயனோமர் என்னும் கடினமான பிளாஸ்டிக்கா என்பதே முதல் கேள்வி. பெட்டியில் எழுதியிருக்கும், இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. பள்ளக்கோடுகள் கூர்மையாக உள்ள வெட்ஜால் முழு வீச்சில் ஒருமுறை அடித்துவிட்டுப் பந்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். யூரித்தேனாக இருந்தால், பட்ட இடத்தில் குழிவுகளின் விளிம்பில் மேலுறை பிசிறு பிசிறாக எழும்பி, விரல் நுனியில் மெல்லிய சொரசொரப்பாகத் தட்டுப்படும். கிளப்பின் பள்ளக்கோடுகளுக்குள்ளும் வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். அயனோமர் பந்தோ பெரும்பாலும் வழவழப்பாகவே திரும்பி வரும். அந்தப் பிசிறுதான் கோடுகள் மேலுறையைக் கவ்வியதற்குச் சாட்சி.

இதை அளக்க நாற்பது கெஜ அடி சிறந்தது. முழு அடியில் இரண்டு வகைகளுக்கும் உள்ள இடைவெளி ஓரளவு சுருங்கிவிடும். பாதி வீச்சில்தான் மேலுறை தனியாகப் பேசும். ஒரே வெட்ஜ், ஒரே இடம், ஒவ்வொரு வகையிலும் ஐந்து அடிகள். எங்கே போய் நின்றது என்பதைவிட, எவ்வளவு உயரத்தில் கிளம்பியது என்பதை முதலில் கவனியுங்கள். முகத்தில் வழுக்கி ஏறும் பந்து உயரமாகவும் சுழற்சியின்றியும் கிளம்பும். கவ்வப்பட்ட பந்து தாழ்வாகக் கிளம்பி, விழுந்த இடத்தில் ஒருமுறை முன்னே துள்ளி, இரண்டாவது துள்ளலில் பிடித்து நிற்கும். கருவி எதுவும் இல்லாமலே இரண்டு மேலுறைகளையும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டு பிரித்துவிடலாம்.

யூரித்தேன் பந்தும் தாழ்வாகக் கிளம்பாமல் மிதந்து எழும்பினால் அடுத்த சந்தேகம் வெட்ஜின்மேல். நகத்தைப் பள்ளக்கோடுகளுக்குக் குறுக்கே இழுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் நகம் தட்டி நிற்க வேண்டும். நடுப்பகுதியில் மட்டும் வழுக்கிக்கொண்டு போனால் கோடுகள் தேய்ந்துவிட்டன. பிறகு ஈரம். பந்துக்கும் முகத்துக்கும் நடுவே நீர் புகுந்தால் வெட்ஜ் சுழற்சி பாதியளவுக்குக்கூடக் குறைந்துவிடலாம். விலை உயர்ந்த பந்தாலும் இதை முழுமையாக வெல்ல முடியாது. காலைப் பனியில் ஒப்பிட்ட பந்தையும் மாலை வெயிலில் ஒப்பிட்ட பந்தையும் ஒரே தாளில் எழுதக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஒவ்வோர் அடிக்கு முன்னும் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டு அடியுங்கள்.

பந்து முகத்தின் மேற்பகுதியில் படுகிறதா என்பதையும் பாருங்கள். வெட்ஜில் மேலே பட்டால் உயரமாகவும் சுழற்சி குறைந்தும் கிளம்பும். முகத்தை மேலும் மேலும் திறந்தால் சுழற்சியும் கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பதும் தவறு. ஒரு சாய்வுக்குப் பிறகு பந்து கவ்வப்படாமல் வழுக்கத் தொடங்கிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, பந்து அயனோமராகவும் இருந்தால், விடை தெளிவு: யூரித்தேனுக்கு மாறுங்கள். மாறிய முதல் சில ஆட்டங்களில் அடிகள் குழிக்குக் குறைவாக விழும், ஏனெனில் ஓட்டத்தைக் கணக்கில் வைத்தே உங்கள் கை பழகியிருக்கும். அதைப் பந்தின் குறையாக எண்ணித் திரும்பிவிட வேண்டாம்.

அறிகுறி: அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கான உலோகக் கிளப்) அடி திடீரென்று ஒரு கிளப் தூரம் கூடுதலாகப் பறக்கிறது

ரஃப் எனும் நெடும்புல்லிலிருந்தோ ஈரத்திலிருந்தோ அடித்தபோது மட்டும் நேர்ந்தால் இது பந்தின் கோளாறே அல்ல. புல் இடையில் சிக்கிச் சுழற்சி விழுந்துவிட்டது. ஏழாம் எண் அயர்னில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சராசரிச் சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்று. அது சட்டென்று குறைந்தால் பந்து தாழ்வாக, நெடுந்தூரம் போய், விழுந்தபின் ஓடும். சுத்தமான ஃபேர்வேயிலிருந்து (குட்டையாக வெட்டிய புல்பாதை) அடித்தபோதும் இப்படி ஒழுங்கின்றிக் கூடிக் குறைந்தால் சுழற்சி மிகக் குறைந்த மென்பந்தைச் சந்தேகிக்கலாம். அயர்னில் அதிகத் தூரத்தைவிட ஒரே தூரம் திரும்பத் திரும்ப வருவதே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: அடிக்கும்போது கல்லைப்போல் இருக்கிறது, அல்லது பஞ்சைப்போல் இருக்கிறது

இந்தப் புகாரை அலட்சியப்படுத்த வேண்டாம். உணர்வு பிடிக்காத பந்தைக்கொண்டு யாரும் துணிந்து பட் செய்வதில்லை (கிரீனில் பந்தைக் குழிநோக்கித் தட்டி உருட்டுவதில்லை). ஆனால் உணர்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பந்து முகத்தை விட்டுப் போன பிறகே அதிர்வு உங்கள் கைக்கு வந்து சேர்கிறது. அதோடு காதுக்கு வந்த ஒலியும் கலந்துதான் "மென்மை" என்றும் "கடினம்" என்றும் மனம் தீர்ப்புச் சொல்கிறது. இரண்டு வகைப் பந்துகளை எடுத்து, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு மூன்று அடித் தொலைவிலிருந்து பட் செய்து பாருங்கள். பெட்டியில் எழுதியிருந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிடுவதைக் காண்பீர்கள். முகத்தில் மென்மையான பொருள் பதித்த பட்டரைப் பயன்படுத்துபவருக்கு எல்லாப் பந்தும் மென்மையாகவே தோன்றும். உலோக முகம் வைத்திருப்பவருக்கு அதே பந்து "டக்" என்று ஒலிக்கும்.

கம்ப்ரெஷன் எண்ணைக் கொண்டு உணர்வை ஓரளவு ஊகிக்கலாம்; 40 என்பது மிக மென்மை, 100 என்பது இறுக்கம். ஆனால் இந்த எண் பந்தின் முழு உடலும் எவ்வளவு அமுங்குகிறது என்பதைச் சொல்கிறதே தவிர மேலுறையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இறுக்கமான உட்கருவும் மென்மையான யூரித்தேன் மேலுறையும் சேர்ந்த பந்து வெட்ஜில் நன்றாகச் சுழலும். குறைந்த கம்ப்ரெஷனும் அயனோமர் மேலுறையும் சேர்ந்த பந்து கைக்கு இதமாக இருந்தும் கிரீனில் ஓடும். மென்மையாக இருப்பதால் நன்றாக நிற்கும் என்ற முடிவு இதனால்தான் அடிக்கடி பொய்க்கிறது.

பழைய பழக்கமும் இதில் கலந்திருக்கிறது. ரப்பர் நூல் சுற்றிய உட்கருவும் பலாட்டா என்ற மென்மையான மேலுறையும் கொண்ட பந்து ஒருபுறம், கடினமான இரண்டடுக்குப் பந்து மறுபுறம் என்றிருந்த காலத்தில் "ஒன்று உணர்வு, இல்லாவிட்டால் தூரம்" என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது உண்மை. 2000 அக்டோபரில் லாஸ் வேகஸ் போட்டியில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 பந்து களமிறங்கியதை ஒட்டி, திட உட்கருவும் யூரித்தேன் மேலுறையும் சேர்ந்த பல்லடுக்குப் பந்துகள் மிக விரைவில் நூல் சுற்றிய பந்துகளை ஓரங்கட்டிவிட்டன. அந்தத் தேர்வுக்கு இன்று அவசியமில்லை. ஆகவே வரிசை இதுதான்: முதலில் மேலுறையையும் சுழற்சியையும் முடிவு செய்யுங்கள், அதற்குள் எஞ்சும் பந்துகளில் உங்கள் காதுக்கும் கைக்கும் பிடித்ததை எடுங்கள்.

அறிகுறி: பந்து வலப்பக்கம் வளைந்துகொண்டே போகிறது

வலக்கை ஆட்டக்காரரின் ஸ்லைஸைப் பந்து உண்டாக்குவதில்லை. கிளப் வரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வேறுபாடு சுழற்சியின் அச்சைச் சாய்க்கிறது. சாய்ந்த அச்சில் சுழலும் பந்து அந்தப் பக்கம் வளைகிறது. சுழற்சி குறைந்த பந்து வளைவைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவே. குழிவுகளின் ஆழத்தைப் பந்தின் வெவ்வேறு பகுதிகளில் வேறுபடுத்தி, வளைவைத் தானே திருத்திக்கொள்ளும்படி செய்த போலாரா என்ற பந்து 1970களில் வந்தது; எந்தப் பக்கமாக வைத்து அடித்தாலும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்ற சமச்சீர் விதியை அதன்பின் கொண்டுவந்தார்கள். ஆகவே விதிக்கு உட்பட்ட பந்துகளுக்குள் ஸ்லைஸுக்கு மருந்து தேடிக் காலத்தைச் செலவிட வேண்டாம்.

பந்தின் ஒரு பக்கம் மட்டும் சேறு ஒட்டியிருந்தால் அது வேறு கதை. அப்போது நல்ல அடியும் வளையும்.

அறிகுறி: நேராகத் தட்டிய பட் நேராக உருளவில்லை

கோடு போட்ட பந்தைச் சமதளத்தில் உருட்டும்போது கோடு ஆடினால் முதலில் அடியைச் சரிபாருங்கள். சந்தேகம் நீங்காவிட்டால் பந்தின் எடை நடுவில் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். மேலே சொன்ன எடையையும் விட்டத்தையும் வைத்துக் கணக்கிட்டால் பந்தின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 1.13 மடங்கு வருகிறது. ஆகவே சாதாரண நீரில் அது மூழ்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 220 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்து ஆறவிட்டுப் பந்தைப் போடுங்கள். மிதக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்துக் கலக்குங்கள். மிதக்கும் பந்தின் உச்சியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, விரலால் சுண்டிச் சுழற்றிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே புள்ளி விரைந்து மேலே வந்து நின்றால் அந்தப் பந்தின் அடிப்பக்கம் கனமானது. வேறு வேறு இடங்கள் சோம்பலாக மேலே வந்தால் பந்து நன்றாக இருக்கிறது. ஒரே பெட்டியின் பன்னிரண்டு பந்துகளையும் இப்படிச் சோதித்தால், கனம் ஒதுங்கியது ஏதாவது இருந்தால் அகப்பட்டுவிடும்; அதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறி: கருவியின் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை

ஓர் உள்ளரங்கில் மூன்று வகைப் பந்துகளை நான் ஒப்பிட்டபோது, வெட்ஜ் சுழற்சி மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. வெளியே கிரீனில் அவற்றில் ஒன்று மட்டும் இரண்டடி ஓடி நின்றது, மற்ற இரண்டும் ஐந்தாறு கெஜம் ஓடின. வலைக்கும் டீக்கும் நடுவே இருந்த குறுகிய தூரத்தில் அந்த ரேடார் கருவி சுழற்சியை அளக்காமல் கணித்தே காட்டியிருந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். சில ரேடார் கருவிகளுக்குப் பந்தின்மேல் உலோக ஒட்டுப்பொட்டு வைத்தால்தான் உள்ளரங்கில் சுழற்சி சரியாகத் தெரியும். ஒரு எண்ணை நம்புமுன் அது அளந்ததா, கணித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கிரீனில் விழுந்த தடத்திலிருந்து நின்ற இடம்வரை அடி வைத்து அளப்பதே மேல்.

அறிகுறி: ஆட்டத்தின் தொடக்கத்தில் நன்றாக இருந்த பந்து பின்பாதியில் மாறிவிட்டது

கோல்ஃப் வண்டிப் பாதையிலோ மரத்திலோ பட்டதா என்று பாருங்கள். யூரித்தேன் மேலுறையில் வெட்ஜ் எழுப்பும் சிறு பிசிறு பறத்தலைப் பெரிதாகப் பாதிக்காது. தோல் உரிந்து குழிவுகள் சிதைந்திருந்தால் பாதிக்கும். விதிப்படி, ஒரு குழியை ஆடிக்கொண்டிருக்கும்போது வெட்டுப்பட்ட அல்லது விரிசல் விட்ட பந்தைத்தான் சேதம் என்ற காரணத்துக்காக மாற்றலாம். கீறலோ, உராய்வோ, வண்ணம் போனதோ மட்டும் காரணமாகாது. இரண்டு குழிகளுக்கு நடுவே வேறு பந்து எடுத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் போட்டிக் குழு ஒரே பந்து என்ற உள்ளூர் விதியை அறிவித்திருந்தால், மாற்றும் பந்தும் தொடக்கத்தில் ஆடிய அதே தயாரிப்பாக, அதே வகையாக இருக்க வேண்டும். சோதனைக்காக இரண்டு வகைகளைப் பையில் வைத்திருப்பவர்கள் போட்டி நாளில் ஒன்றை வெளியே எடுத்து வைத்துவிட்டே முதல் டீக்குப் போக வேண்டும்.